ஏட்டிலிருந்து நோட்டுக்கு

நாசரேத்தில் திருநெல்வேலிக்கு ரயில் ஏறினால் அடுத்த நிலையம் ஆழ்வார்திருநகரி. பத்துப்பாட்டு 1889இல் அச்சாவதற்கு முன் உ.வே.சாமிநாதையர் சுவடி தேடி வந்த ஊர்களில் அதுவும் ஒன்று. அவர் ஏடு தேடிய கதையைத் தமிழ் படித்தோர் அனைவரும் அறிவர். குறிப்பெடுத்த கதை அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. மாணவருக்கு இன்று பயன்படக்கூடியது இரண்டாவது கதைதான்.

தேரியும் பனையும் சூழ்ந்த இவ்வட்டாரத்தில் எழுதுபொருளுக்குப் பஞ்சமிருந்ததில்லை. ஆயினும் ஓலையைப் பதப்படுத்தி, அளவாக நறுக்கி, எழுத்தாணியால் கீறி, மை தடவிப் படிப்பது எளிதான வேலையன்று. கேட்டதையெல்லாம் எழுதிவிட முடியாது. எனவே செவியும் நினைவுமே கல்வியின் கருவிகளாயின. நாம் 'பாடம் எடுப்பது' என்று ஆசிரியர் பக்கமிருந்து சொல்வதை அவர்கள் 'பாடம் கேட்பது' என்று மாணவர் பக்கமிருந்து சொன்னார்கள்.

நன்னூலில் பவணந்தியார் இதற்கொரு கணக்கே வைத்திருக்கிறார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கிடைப்பது காற்பங்கு. உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு காற்பங்கு. எஞ்சிய பாதி பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் வந்து சேரும். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைக் கைக்கொண்டார். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பித்தார். 1797இல் லண்டனில் அவர் அதை நூலாக வெளியிட்டபின் 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது பரவியது. பவணந்தியாரின் கணக்குக்கு அது தொலைதூரச் சாட்சி.

சாமிநாதையர் 1871 முதல் 1876 வரை மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டார். ஆசிரியர் செய்யுள் சொல்லச் சொல்ல ஏட்டில் எழுதிய கை அவருடையது. ஆனால் அவரது குறிப்பெடுக்கும் திறன் முழுமை பெற்றது சீவகசிந்தாமணியில். 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் அந்நூலைப் பற்றிக் கேட்டபிறகு தொடங்கிய உழைப்பு அது. நச்சினார்க்கினியர் தம் உரையில் மேற்கோள்களைத் தருகிறார். பல இடங்களில் அவை எந்நூலைச் சேர்ந்தவை என்று சொல்வதில்லை. ஐயர் அவற்றைக் குறித்துவைத்தார். அருஞ்சொற்களுக்கு அகராதி தொகுத்தார். பின்னர்ச் சங்கநூல் ஏடுகளைப் புரட்டியபோது அம்மேற்கோள்கள் தத்தம் இடத்தில் இருந்து அவருக்கு முகம் காட்டின. 1887இல் சிந்தாமணி அச்சேறியது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஐயர் தமக்குத் தெரிந்ததை மட்டும் குறிக்கவில்லை, தெரியாததையும் குறித்தார். விடை வந்து சேர்வதற்கு ஓர் இடம் ஒதுக்கிவைத்தார்.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்ட்டர் பாக் 1950களில் வகுத்த முறையும் இதையே தாளில் கோடு போட்டுக் காட்டுகிறது. பக்கத்தின் வலப்புறம் அகலமான பகுதியில் பாடக் குறிப்பு. இடப்புறம் குறுகிய பகுதியில் அதிலிருந்து எழும் வினாக்கள். அடியில் சொந்தச் சொற்களில் சுருக்கம். பிறகு வலப்புறத்தை மறைத்துக்கொண்டு, வினாவைப் பார்த்து விடை சொல்லிப் பழக வேண்டும்.

இன்று வகுப்பில் கரும்பலகையைச் செல்பேசி படமெடுத்துக்கொள்கிறது. நகலெடுத்த 'நோட்ஸ்' கைமாறுகிறது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளை அதையே கல்வி என்று நம்பி மனப்பாடம் செய்கிறான். வினாத்தாளில் கேள்வி சற்றே மாறி வந்தால் தவித்துப்போகிறான். அவன் அறிவில் குறையில்லை. பிறர் எடுத்த குறிப்பில் அவனுடைய கேள்வி ஒன்றுகூட இல்லை, அவ்வளவே.

ஆகையால் என் வகுப்பில் முதல் இருபது நிமிடம் பேனா திறக்கக் கூடாது. கேட்க மட்டும் வேண்டும். பிறகு நினைவிலிருந்து எழுத வேண்டும். இடப்புற ஓரத்தில் மூன்று வினாக்கள். அவற்றுள் ஒன்று விடை தெரியாததாக இருக்க வேண்டும். மறுநாள் அந்த வினாக்களைப் பக்கத்திலிருப்பவரிடம் கேட்க வேண்டும். தொடக்கத்தில் முணுமுணுப்பார்கள். பருவத்தின் பாதியில், விடை தெரியாத அந்த ஒரு வினாவை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போகிறவர்கள் நான்கைந்து பேராவது தேறுகிறார்கள்.