ஆற்றேறும் மீனும் அதைக் கணக்கிட்டோரும்

கடலில் வளர்ந்து, முட்டையிடும் பருவத்தில் மட்டும் ஆற்றை நாடி எதிர்நீச்சலிட்டு வரும் மீனினங்கள் சில உலகில் உண்டு. மேலை நாட்டார் இதற்குச் சால்மன் மீனை எடுத்துக்காட்டாகக் கூறுவர். நாம் அவ்வளவு தொலைவு செல்ல வேண்டுவதில்லை. வங்காளத்தில் இலிஷ் என்றும், சிந்துவில் பல்லா என்றும், கோதாவரிக் கரையில் புலச என்றும், தமிழ்நாட்டில் உல்லம் என்றும் வழங்குவது ஒரே மீனைத்தான். சிந்தி மக்கள் வணங்கும் ஜூலேலாலின் திருவுருவம் இம்மீனின் மேல் அமர்ந்திருப்பதைப் பலரும் கண்டிருப்பர். ஆந்திர மக்களோ அம்மீன் கடலை விட்டு ஆற்று வெள்ளத்திற்குள் புகுந்த பின்னரே அதற்குப் புலச என்னும் பெயரைத் தருவர். விலையும் அப்பொழுதே ஏறும். தாலியை விற்றாவது புலசையை உண்ண வேண்டும் என்பது அவர்தம் பழமொழி. ருசியின் பொருட்டுச் சொன்ன சொல்லாயினும், மீன் எப்பொழுது எங்கே வருகிறது என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கவனித்து வந்தவர்களின் சொல் அது.

இந்த மீனுக்கு அறிவியல் ஏட்டில் இடம் தேடித் தந்தவர் பிரான்சிஸ் புக்கானன் ஹாமில்டன் என்னும் மருத்துவர். கங்கையின் மீன்களைப் பற்றி 1822-இல் அவர் வெளியிட்ட நூலில், வங்காளிகள் வழங்கிய பெயரையே சிறப்புப் பெயராக வைத்தார். இலிஷா என்னும் அச்சொல் இன்றளவும் நிலைத்து நிற்கிறது. அக்காலத்தில் கங்கை, யமுனை வழியாக ஆக்ரா, டில்லி வரையிலும் இம்மீன் ஏறிச் சென்றதுண்டு. கடலிலிருந்து ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட பயணம் அது!

இனித் தென்னாட்டுக்கு வருவோம். கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையும் கீழணையும் 1836-இல் எழுந்தன. கோதாவரியில் தவளேசுவரம் அணை 1852-இல் முடிவுற்றது. இவற்றைத் திட்டமிட்டவர் ஸர் ஆர்தர் காட்டன் என்பதும், இவற்றால் இலட்சக்கணக்கான ஏக்கர் நிலம் செழித்தது என்பதும் யாவரும் அறிந்த வரலாறு. ஆனால், பலர் அறியாத ஒரு செய்தியும் உண்டு. ஆறுகளின் குறுக்கே அணைகள் எழுந்ததால் கழிமுக மீன்வளத்திற்குத் தீங்கு நேர்ந்திருக்கக்கூடும் என்று 1867-இல் அரசாங்கத்தின் கவனத்திற்குக் கொண்டுவந்தவரும் அதே காட்டன்தான். தாம் கட்டியதன் மறுபக்கத்தைத் தாமே எண்ணிப் பார்க்கும் பொறியாளர் எந்தக் காலத்திலும் அரியவர்.

அதனை ஆராயும் பணி, சென்னை மருத்துவத் துறையைச் சேர்ந்த டாக்டர் பிரான்சிஸ் டே என்பவரிடம் வந்து சேர்ந்தது. அவர் ஆறு ஆறாகச் சென்று பார்த்தார். அதோடு நில்லாமல், மாகாணங்கள்தோறும் அதிகாரிகளுக்கு வினாக்களை அனுப்பினார். உங்கள் தாலுகாவில் மீன் குறைந்ததா, வலையின் கண் எவ்வளவு சிறியது, மீன் குஞ்சுகளை அழிக்கின்றார்களா என்று தாசில்தார்களும் விடை எழுத வேண்டியதாயிற்று. 1873-இல் வெளிவந்த அவருடைய அறிக்கையே நம் நாட்டு நன்னீர் மீன்களின் நிலையைப் பரந்த அளவில் கணக்கெடுக்க முயன்ற முதல் ஏடுகளுள் ஒன்று. வெடி வைத்தும் நஞ்சிட்டும் மீன் பிடிப்பதைத் தடுக்கும் இந்திய மீன்வளச் சட்டமோ 1897-இல்தான் பிறந்தது. அரசாங்கத்தின் நடை உல்லத்தின் நீச்சலைவிட மெதுவானது!

அணையில் ஏணி அமைத்தால் மீன் ஏறிவிடாதா என்று கேட்கலாம். சால்மன் துள்ளித் தாவும் மீன். ஐரோப்பாவில் அதற்குப் படிப்படியாக நீர்த்தொட்டிகள் அமைத்தனர். உல்லத்திற்கோ அத்தகைய தாவும் வன்மை இல்லை. கையால் தொட்டால் செதில் உதிரும். நீரை விட்டு எடுத்த சிறிது நேரத்தில் உயிர் துறக்கும். ஆதலால் சென்னை மாகாண மீன்வளத் துறையினர் வேறு வழியை நாடினர். கொள்ளிடத்தில் பிடிபட்ட மீன்களிடமிருந்து முட்டையை எடுத்துச் செயற்கையாகப் பொரிக்க முயன்றனர். அம்முயற்சியையும் உல்லத்தின் பழக்கங்களையும் பற்றி பி. சுந்தரராஜ் 1917-இல் வங்காள ஆசியக் கழகத்தின் ஏட்டில் எழுதினார்.

1934-இல் மேட்டூர் அணை முடிவுற்றது. கடலிலிருந்து அவ்வளவு தொலைவிலுள்ள அணை உல்லத்தை எவ்வாறு தடுக்கும்? மீனின் வழியை அது நேரே மறிக்கவில்லை, வெள்ளத்தை மறித்தது. கழிமுகத்தில் வந்து கலக்கும் கலங்கிய புதுநீரே உல்லத்திற்கு அழைப்பு. அவ்வழைப்பு தவறினால், கடலில் நிற்கும் மீன் ஆற்றை எதற்கு நாடும்? காவிரியின் உல்ல மீன்பிடிப்பு அதன்பின் நலிந்துபோயிற்று. நெல் விளைந்தது, அதை எண்ணினோம். வராத மீனை எண்ண அங்கே எவரும் அமர்ந்திருக்கவில்லை.

அமெரிக்காவில் கொலம்பியா ஆற்றின் பானவில் அணையில், 1938 முதலே ஏணியேறும் மீன்களை ஆட்கள் அமர்ந்து எண்ணி வருகின்றனர். இளவேனிலில் இன்று எத்தனை சால்மன் கடந்தது, உல்லத்தின் உறவினமான ஷாட் எத்தனை என்ற கணக்கு நாள்தோறும் வெளியாகிறது. தூண்டிலெடுத்துச் செல்வோர் அதைப் பார்த்தே புறப்படுகின்றனர். நம் நாட்டில் அத்தகைய சாளரம் வாய்க்கவில்லையாயினும், எதிர்பாராத இடமொன்று வாய்த்தது. கல்கத்தாவுக்குக் குடிநீர் தரும் பல்டா நீர்நிலையத்தில், ஹூக்ளி நீரைத் தெளியவிடும் குளங்களில் இலிஷ் குஞ்சுகள் நீரோடு வந்து வளர்ந்திருந்தன. சுந்தர்லால் ஹோராவும் அவருடன் உழைத்தோரும் இவற்றை ஆராய்ந்து, 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அம்மீனின் இளம்பருவ வாழ்க்கையை விளக்கினர். ஹூக்ளியில் மழைக்காலத்தில் ஒரு வரவும், தை மாசி ஒட்டிய இளவேனிலில் சிறு வரவும் உண்டு.

இலிஷ் நுண்ணுயிர்களை உண்பதால் தூண்டிலை எளிதில் நாடாது. தூண்டிற்காரரின் மீன் மாசீர். கடலுக்குச் செல்லாவிடினும், வெள்ளம் வந்தால் ஆற்றின் மேல்நோக்கி முட்டையிடச் செல்லும் பெருங்கெண்டை அது. சென்னை ஸிவில் அதிகாரி ஹெச். எஸ். தாமஸ் 1873-இல் தூண்டில் பற்றி எழுதிய நூல் புகழ் பெற்றது. மீன் குஞ்சுகளை வாரிக் கொல்வதை வன்மையாகக் கண்டித்தவரும் அவரே. அவர்வழி வந்தோரின் நாட்குறிப்பு நமக்குப் பின்னாளில் பயன்பட்டது. கர்நாடகத்தில் காவிரிக் கரையிலுள்ள காலிபோரில், 1998 முதல் 2012 வரை, பிடித்து விடுவிக்கப்பட்ட ஒவ்வொரு மாசீரும், தூண்டிலிட்ட நேரமும் பதிவாயின. அக்குறிப்பை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டோர், மொத்தத்தில் மீன் பெருகியிருந்தும், காவிரிக்கே உரிய திமில் மாசீர் வெகுவாகக் குறைந்ததைக் கண்டனர். பெருகியது பிறவிடத்திலிருந்து கொணர்ந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மாசீர். பொழுதுபோக்காக எழுதிய கணக்கு இல்லையேல், 'மாசீர் நிறைய உள்ளது' என்றே மகிழ்ந்திருப்போம். திமில் மாசீரின் அறிவியற் பெயரே 2018-இல்தான் உறுதியாயிற்று. அவ்வாண்டே அது அழிவின் விளிம்பிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது.

கங்கையின் கதை 1975-இல் திரும்பியது. கல்கத்தாத் துறைமுகத்தின் வண்டலைக் கழுவுவதற்காக பராக்காவில் ஒன்றேகால் மைலுக்கும் மேலான நீளமுள்ள தடுப்பணை திறக்கப்பட்டது. அலகாபாத் மீன் சந்தைக்கு வந்த இலிஷ் அதன்பின் பழைய அளவின் ஒரு சிறு பங்காகச் சுருங்கியது. பராக்பூரிலுள்ள மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கரையோரச் சந்தைகளில் திரட்டிய எடைக்கணக்கே இதற்குச் சான்று. 2019-இல் பராக்காவின் புதிய கப்பல் பூட்டை, இலிஷும் கடந்து செல்லும் வண்ணம் இயக்கத் திட்டமிட்டனர். நிலையத்தார் அணைக்குக் கீழே பிடித்த இலிஷ்களை உயிருடன் மேலே கொண்டுசென்று விட்டு, சிலவற்றிற்கு அடையாள வில்லையும் பொருத்தியிருக்கின்றனர். அவ்வில்லை எந்தப் படகுக்காரன் வலையில், எவ்வளவு தொலைவில் மீளக் கிடைக்கிறது என்பதை இப்பொழுது குறித்து வருகின்றனர்.