ஹேம்குண்ட்: ஏற்கனவே இருந்த ஏரியைக் கண்டுபிடித்த கதை

'கண்டுபிடித்தார்'ங்கிற வார்த்தை மேல எனக்கு எப்பவுமே ஒரு சந்தேகம் உண்டு. வாஸ்கோ ட காமா 1498-ல் வந்து இறங்குறதுக்கு முன்னாடி கோழிக்கோடு கடலுக்குள்ளயா இருந்தது? :-) இமயமலையில் ஒரு ஏரிக்கும் இதே கதைதான்.

உத்தராகண்ட், சமோலி மாவட்டத்தில் 4,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது ஹேம்குண்ட். கங்காரியாவிலிருந்து 6 கிலோமீட்டர் செங்குத்தான ஏற்றம். மேலே ராத்தங்க அனுமதி கிடையாது. காலையில் ஏறி, சாயந்திரத்துக்குள் இறங்கிவிட வேண்டும். மே கடைசி, ஜூன் ஆரம்பத்தில் பாதை திறக்கும்போது போனால், வழியெல்லாம் பழைய பனி. பனியை வெட்டிய சந்து வழியாகத்தான் நடை. ஏரியும் பெரும்பாலும் உறைந்தே கிடக்கும்.

சரி, வரலாற்றுக்கு வருவோம். குரு கோபிந்த் சிங் முற்பிறவியில் தவம் செய்த இடம் ஏழு சிகரங்கள் சூழ்ந்த ஹேம்குண்ட் என்கிறது 'விசித்திர நாடகம்'. அது எங்கே இருக்கு? அதைத் தேடிக் கிளம்பினார், ராணுவத்தில் கிரந்தியாக இருந்து ஓய்வுபெற்ற சோகன் சிங். 1934-ல் இந்த ஏரிக்கு வந்து சேர்ந்தார்.

வழி காட்டியது யார்? உள்ளூர் மக்கள்தான். அவர்களுக்கு இது லோக்பால் தீர்த்தம். லட்சுமணன் தவம் செய்த இடம் என்று காலங்காலமாகக் கும்பிட்டு வந்த ஏரி.

சோகன் சிங்கோடு சேர்ந்துகொண்டார் ராணுவ ஹவில்தார் மோதன் சிங். ஏரிக்கரையில் பத்தடிக்குப் பத்தடியில் சின்னதாக ஒரு குருத்வாரா எழும்பியது. 1939-ல் சோகன் சிங் காலமானபின், மோதன் சிங்தான் கடைசிவரை அந்தப் பணியைச் சுமந்தார். கங்காரியாவில் கூரைகூட இல்லாமல் ஒரு மரப்பொந்தில் தங்கினார் என்று சொல்வார்கள். அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனசு வராது.

பக்கத்துப் பள்ளத்தாக்கிலும் இதே கூத்து. 1931-ல் காமெட் சிகரம் ஏறித் திரும்பிய ஃபிராங்க் ஸ்மைத், பூக்களின் பள்ளத்தாக்கைக் 'கண்டுபிடித்தார்' என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். ஆடு மேய்க்கப் போய்க்கொண்டிருந்த பியூந்தார் கிராமத்து ஆட்கள் அந்தக் கணக்கில் வரவே இல்லை.

இன்றைக்கும் அந்த வரிசை மாறவில்லை. வருஷாவருஷம் யாத்ரீகர்களுக்கு முன்னால் ராணுவத்தினர் ஏறிப்போய் பனியை வெட்டி வழி செய்கிறார்கள். நடக்க முடியாதவர்களை கண்டி எனும் கூடையில் உட்காரவைத்து, முதுகில் சுமந்து ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள்.

கோவிந்த்காட்டிலிருந்து ஹேம்குண்டுக்கு 12.4 கிலோமீட்டர் ரோப்வே அமைக்க 2025 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. வயசானவங்களுக்கு நல்லதுதான், மறுக்கல. ஆனா ஜூன் பனியில் வழி காட்டியவங்களும் கூடை சுமந்தவங்களும் அதுக்கப்புறம் யாருக்கு ஞாபகம் இருப்பாங்க?

போறவங்க, குருத்வாராவில் சுடச்சுட டீயும் கிச்சடியும் சாப்பிட்டுட்டு, பக்கத்திலேயே இருக்கிற லட்சுமணன் கோயிலையும் ஒரு எட்டு பார்த்துட்டு வாங்க. அந்த ஏரியோட பழைய விலாசம் அதுதான்.