லீவு சொன்னவனுக்கு வேலை உறுதி

ஆலைத் தொழிலாளி சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விடுகிறான் என்பது வெள்ளைக்கார முதலாளிகளின் பழைய புகார். அறுவடை, கல்யாணம், சாவு, காய்ச்சல் எதுவானாலும் ஆள் திடீரென்று காணாமல் போவான்; தறி நிற்கும். பழி அவனுடைய பொறுப்பின்மையின் மேல் விழும்.

1929இல் ஜே. எச். விட்லி தலைமையில் அமைந்த தொழிலாளர் ராயல் கமிஷன் இதன் மறுபக்கத்தைப் பார்த்தது. ஆளை வேலைக்கு எடுப்பது மேஸ்திரி. சேரும்போது அவருக்கு மாமூல் தர வேண்டும். ஊருக்குப் போய்த் திரும்பினால் பழைய இடத்தைப் பிடிக்க மறுபடியும் தர வேண்டும். முன்கூட்டியே சொன்னவனுக்கும் சொல்லாமல் போனவனுக்கும் ஒரே கதிதான் என்றால், எவன் சொல்வான்? லீவு கேட்டுப் போகும்படி தொழிலாளர்களை ஊக்குவிக்க வேண்டும், உரிய நாளில் திரும்பினால் பழைய வேலை உண்டு என்று திட்டவட்டமாக வாக்குக் கொடுக்க வேண்டும் என்று 1931 அறிக்கை பரிந்துரைத்தது. அந்த அறிக்கையின் மிக நியாயமான வரிகளில் இதுவும் ஒன்று.

வாக்கு சட்டமாகப் பல ஆண்டுகள் பிடித்தன. 1945இல் வந்த தொழிற்சாலைச் சட்டத் திருத்தம்தான் ஆலைத் தொழிலாளிக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளத்தோடு விடுப்புத் தந்தது. அப்போது வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை டாக்டர் அம்பேத்கரின் பொறுப்பில் இருந்தது.

1948 தொழிற்சாலைச் சட்டம், பின்னர் வந்த திருத்தத்தோடு சேர்த்து, இன்னும் விரிவாகப் பேசியது. ஆண்டில் 240 நாள் உழைத்தவருக்கு அடுத்த ஆண்டில், உழைத்த 20 நாளுக்கு ஒரு நாள் விடுப்பு. அதற்கு 15 நாள் முன்பே மேனேஜரிடம் எழுத்தில் விண்ணப்பம் தர வேண்டியிருந்தது. பொதுப் பயன்பாட்டுத் தொழில்களில் 30 நாள். ஆண்டுக்கு மூன்று முறைக்கு மேல் எடுக்க அது விடவில்லை. கெடுபிடியான விதிதான். ஆனால் முறைப்படி விண்ணப்பித்தவரை இஷ்டத்துக்கு மறுக்கக் கூடாது என்றும் அதே பிரிவு கட்டளையிட்டது. மேஸ்திரியின் தயவில் இருந்த விஷயம் காகிதத்துக்கு வந்தது. இந்த மாற்றத்தைச் சின்னதாக எண்ண என்னால் முடியவில்லை.

நோய்க்கு அந்த 15 நாள் கெடு இருக்கவில்லை. உடம்புக்கு முடியாதவர் தாமதமாக விண்ணப்பித்தாலும் விடுப்புத் தர வேண்டியிருந்தது.

1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கிய இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம் இன்னொரு பாதுகாப்பையும் சேர்த்தது: நோய்க்கால உதவித்தொகை பெற்றுவருபவரை அந்தக் காலத்தில் வேலையை விட்டு நீக்கவோ தண்டிக்கவோ கூடாது.

ஆலைச் சுவருக்கு வெளியே, வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கும் தினக்கூலிக் கொத்தனாருக்கும் இந்தச் சட்டங்கள் எட்டவில்லை. பல்லைப் பிடுங்கப் போவதை ஒரு வாரம் முன்பே சொன்னாலும் அன்றைய கூலி போகும். சில வீடுகளில் வேலையே போகும்.