ஐந்தாம் வகுப்பு எந்தத் தெருவில்?

எந்த வகுப்பு எந்தக் கட்டடத்தில் நடக்க வேண்டும் என்பது பார்வைக்கு ஒரு குமாஸ்தாவின் வேலை போலத் தெரியும். ஐந்தாம் வகுப்பைத் தொடக்கப் பள்ளியிலேயே வைப்பதா, நடுநிலைப் பள்ளிக்குக் கொண்டுபோவதா? பள்ளி எல்லையை இந்தத் தெருவோடு நிறுத்துவதா, அடுத்த தெருவரைக்கும் இழுப்பதா? இதிலென்ன அரசியல் என்று கேட்பவர்கள் நியூயார்க் நகரத்தின் 1960களைப் படிக்க வேண்டும். யாருடைய பிள்ளை யாருடைய தெருவைத் தாண்டிப் போக வேண்டும் என்கிற கேள்விதான் அங்கே வகுப்புக் கணக்காக வேடம் போட்டு வந்தது.

கறுப்பர் போராட்டம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது 1966இல் ஓக்லாண்டில் தொடங்கிய கருஞ்சிறுத்தைகள். 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் பெயர் எடுத்தது அவர்களிடமிருந்துதான். அதே 1966இல் ஹார்லெம் பெற்றோர்கள் ஒரு நடுநிலைப் பள்ளியின் வாசலில் நின்று நடத்திய போராட்டத்தை நாம் அதிகம் பேசுவதில்லை. அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை படித்த கொலம்பியா பல்கலைக்கழகத்திலிருந்து அந்தப் பள்ளிக்கு நடந்தே போய்விடலாம்.

1954இல் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தென்மாநிலங்கள் முரண்டு பிடித்தன. நியூயார்க் போன்ற வடக்கு நகரங்களோ கையை விரித்தன: எங்க சட்டத்துல பிரிவினையே இல்லையே, பிள்ளைங்க வீட்டுப் பக்கத்துல இருக்கிற பள்ளிக்குப் போகுதுங்க, வீடு தனித்தனியா இருந்தா நாங்க என்ன செய்ய? ஊரும் சேரியும் தானாகவே பிரிந்து கிடக்கின்றன என்று நம்மிடம் சொல்வது போலத்தான் இதுவும். கறுப்பர் குடியிருப்புகளுக்குக் கடன் மறுத்த வங்கிகளும், வாடகைக்கு வீடு மறுத்த சொந்தக்காரர்களும், அதற்குத் துணைபோன மத்திய அரசின் வீட்டுக்கடன் திட்டங்களும் சேர்ந்துதான் அந்த வீடுகளைப் பிரித்துவைத்தன.

இதை உடைக்க ஒரு வழி ஏற்கெனவே இருந்தது. நியூஜெர்சி மாநிலம் தன் 1947ஆம் ஆண்டு அரசமைப்பில் பள்ளிப் பிரிவினையைத் தடைசெய்தது. பிரின்ஸ்டன் என்ற சிறு நகரத்தில் வெள்ளையருக்கு நாசோ தெருப் பள்ளி, கறுப்பருக்கு விதர்ஸ்பூன் பள்ளி என்று இரண்டு இருந்தன. 1948இல் இரண்டையும் இணைத்தார்கள். ஐந்தாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளும் நாசோ தெருவில். ஆறு முதல் எட்டு வரை எல்லாரும் விதர்ஸ்பூனில். புதுக் கட்டடம் ஏதும் கட்டவில்லை. வகுப்பை மாற்றினார்கள், பிரிவினை உடைந்தது. 'பிரின்ஸ்டன் திட்டம்' என்று இதற்குப் பெயர்.

நியூயார்க்கிலும் இப்படிச் செய்யலாமே என்ற பேச்சு வந்தபோது சண்டை தெருவுக்கு வந்தது. 1964 பிப்ரவரி 3 அன்று பாதிரியார் மில்டன் கலாமிசன் தலைமையில், பயார்ட் ரஸ்டின் ஒருங்கிணைப்பில், பள்ளிப் புறக்கணிப்பு நடந்தது. 4,60,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அன்று பள்ளிக்கு வரவில்லை. ஏறக்குறைய பத்து லட்சம் பிள்ளைகள் படித்த நகரம் அது. அடுத்த மாதமே சுமார் 15,000 வெள்ளைப் பெற்றோர்கள் புரூக்ளின் பாலத்தைக் கடந்து மாநகராட்சிக்கு ஊர்வலம் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் தாய்மார்கள். 'அக்கம்பக்கத்துப் பள்ளி' என்பதுதான் அவர்களின் முழக்கம். கறுப்புப் பிள்ளை வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. 'அக்கம்பக்கம்' என்ற சொல்லே அந்த வேலையைச் செய்துவிடும். கல்வி வாரியம் பயந்து, விரல்விட்டு எண்ணக்கூடிய பள்ளிகளை மட்டும் இணைத்தது.

அந்த ஆண்டு மே மாதம் மாநிலக் கல்வி ஆணையர் ஜேம்ஸ் ஆலன் அமைத்த குழு ஓர் அறிக்கை தந்தது. கறுப்பின உளவியலாளர் கென்னத் கிளார்க்கும் அந்தக் குழுவில் இருந்தார். அன்றைய அமைப்பு 6-3-3: ஆறு வருடம் தொடக்கப் பள்ளி, மூன்று வருடம் இளநிலை, மூன்று வருடம் உயர்நிலை. அதை 4-4-4 ஆக்குங்கள் என்றது குழு. சின்னப் பிள்ளைகள் நாலாம் வகுப்பு வரை வீட்டுப் பக்கத்தில் படிக்கட்டும். ஐந்து முதல் எட்டு வரையான நடுநிலைப் பள்ளிகளை நிறங்கள் கலக்கும் இடங்களில் வையுங்கள். பன்னிரண்டு வயதுவரை காத்திருந்த பிள்ளைகள் பத்து வயதிலேயே ஒன்றாக உட்காருவார்கள். வாரியம் மறுஆண்டு இதை ஏற்றுக்கொண்டது.

காகிதத்தில் எல்லாம் சரி. கட்டடம் எங்கே எழுந்தது? ஹார்லெமின் நடுவில், 127ஆம் தெருவில், மேம்பால ரயில் பாதையை ஒட்டி. ஐ.எஸ். 201 என்று எண் கொடுத்தார்கள். தூண்கள்மேல் நிறுத்திய கட்டடம், குளிரூட்டும் வசதி உண்டு, வகுப்பறைகளுக்கு ஜன்னல் கிடையாது. இந்தப் பள்ளியில் நிறங்கள் கலக்கும் என்று வாரியம் வாக்குக் கொடுத்திருந்தது. மற்றப் பகுதி வெள்ளைப் பெற்றோர்களுக்கு அழைப்பு அனுப்பினார்கள். வந்தவர்கள் இல்லையென்றே சொல்லலாம். கடைசியில் வாரியம் ஒரு கணக்குச் சொன்னது: பாதிப்பேர் கறுப்பர், பாதிப்பேர் போர்ட்டோ ரிக்கர், ஆகவே இது கலப்புப் பள்ளி! நம்மூரில் பள்ளர், பறையர், சக்கிலியர் பிள்ளைகளை ஒரே வகுப்பில் உட்காரவைத்துவிட்டு 'சாதி ஒழிந்தது' என்று அறிக்கை விடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

1966 செப்டம்பரில் பெற்றோர்கள் பள்ளி வாசலில் மறியலில் நின்றார்கள். அவர்கள் கோரிக்கையை நம் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்: ஒண்ணு, சொன்ன மாதிரி வெள்ளைப் பிள்ளைங்களக் கொண்டுவா. முடியலைன்னா பள்ளிக்கூடத்த எங்ககிட்ட குடு. பிரிச்சும் வெப்ப, அதிகாரத்தையும் நீயே வெச்சுக்குவேன்னா எப்படி? கறுப்பினத் தலைமையாசிரியர் வேண்டும் என்றார்கள். இருந்த வெள்ளைத் தலைமையாசிரியர் விலக முன்வந்தார். ஆசிரியர்கள் அவர் பக்கம் நின்றதும் வாரியம் அவரைத் திரும்ப உட்காரவைத்தது.

இந்தக் கோரிக்கையைக் கறுப்புப் 'பிரிவினைவாதம்' என்று தாராளவாதிகள் பழித்தார்கள். வரிசையைப் பார்க்க வேண்டும். பத்து ஆண்டுகளுக்கு மேல் சேர்ந்து படிக்கத்தான் கேட்டார்கள். அந்தக் கதவை அடைத்தவன் யார்? கதவு அடைபட்ட பிறகுதான் சாவியைக் கேட்டார்கள்.

1967இல் மூன்று சோதனை வட்டாரங்கள் உருவாயின. ஐ.எஸ். 201 ஒன்று, ஓஷன் ஹில்-பிரவுன்ஸ்வில் இன்னொன்று. பின்னதில் 1968 மே மாதம் 13 ஆசிரியர்களையும் 6 மேற்பார்வையாளர்களையும் வட்டார நிர்வாகம் வெளியே மாற்றியது. முறையான விசாரணை இல்லை என்று ஆசிரியர் சங்கம் அந்த இலையுதிர் காலத்தில் மூன்று முறை வேலைநிறுத்தம் செய்தது. மொத்தம் 36 பள்ளி நாட்கள் போயின. தொழிலாளி உரிமையும் ஒடுக்கப்பட்டவர் உரிமையும் நேருக்கு நேர் மோதின; கறுப்பருக்கும் யூதருக்கும் இடையில் அன்று விழுந்த காயம் ஆற வெகுகாலம் பிடித்தது. சங்கத்தின் வாதத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நகரம் முழுக்க வெள்ளை அதிகாரம் பிள்ளைகளைப் பிரித்துவைத்த ஆண்டுகளில் 36 நாள் பள்ளியை மூட எந்தச் சங்கமும் முன்வரவில்லை.

1969 சட்டம் நகரத்தை முப்பதுக்கும் மேற்பட்ட வட்டாரங்களாக வெட்டியது. தொடக்க, நடுநிலைப் பள்ளிகள் மட்டும் வட்டாரக் குழுக்களுக்குப் போயின. உயர்நிலைப் பள்ளிகள் மையத்திடமே தங்கின. சோதனை வட்டாரங்கள் அந்தப் பெரிய வட்டாரங்களுக்குள் கரைக்கப்பட்டன. 4-4-4 நகரம் முழுக்க நிறைவேறவே இல்லை.

வாதம் மட்டும் ஓயவில்லை. நாட்டிலேயே பள்ளிப் பிரிவினை மிகுந்த மாநிலம் நியூயார்க் என்று 2014இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று சொன்னது. 2018இல் புரூக்ளினின் 15ஆம் வட்டாரம் தன் 11 நடுநிலைப் பள்ளிகளிலும் மதிப்பெண் பார்த்துச் சேர்ப்பதைக் கைவிட்டு, 52 விழுக்காடு இடங்களில் ஏழை, வீடற்ற, ஆங்கிலம் கற்றுவரும் பிள்ளைகளுக்கு முன்னுரிமை தந்தது. ஐம்பது ஆண்டு கழித்தும் சண்டை அதே ஐந்தாம் வகுப்பு, ஆறாம் வகுப்பு வாசலில்தான் நிற்கிறது.

பள்ளி எல்லை வரைபடத்தையோ வகுப்புப் பட்டியலையோ அதிகாரிகள் மேசைமேல் விரிக்கும்போது, 'இது நிர்வாக விஷயம், உங்களுக்குப் புரியாது' என்பார்கள். ஹார்லெம் பெற்றோர்களுக்கு நன்றாகப் புரிந்தது. கட்டடம் எந்தத் தெருவில், அதன் சாவி யார் கையில் என்று அவர்கள் கேட்டார்கள். நாமும் கேட்க வேண்டும்.