குளிர்காலத்தில் ஈஸ்ட் எங்கே போகிறது?

ஆப்ப மாவில் கொஞ்சம் கள் ஊற்றிப் புளிக்க வைத்த காலம் நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். மாவைப் பொங்க வைத்தது கள்ளில் இருந்த ஈஸ்ட் என்னும் நுண்ணிய பூஞ்சை. பழத்தோலிலும் அது உண்டு. சரி, பழமே இல்லாத மாதங்களில் அது எங்கே இருக்கும்? இதைக் கேட்டு, விடையும் கண்டவர் எமில் கிறிஸ்டியன் ஹேன்சன். நான் பெரிதும் மதிக்கும் விஞ்ஞானிகளில் ஒருவர்.

1842-இல் டென்மார்க்கின் ரிபே என்ற ஊரில் பிறந்தவர். வீடுகளுக்குப் பெயின்ட் அடித்தார். நாவல் எழுதிப் படிப்புச் செலவைச் சமாளித்தார். சாணத்தில் முளைக்கும் பூஞ்சைகளைப் பற்றி எழுதி 1876-இல் தங்கப்பதக்கம் பெற்றார். பிறகு கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பர்க் பீர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார்.

அங்கே அவர் ஆராய்ச்சிக்குத் தேர்ந்தெடுத்தது எலுமிச்சம்பழ வடிவில் இருக்கும் ஒரு காட்டு ஈஸ்டை. மைக்ராஸ்கோப்பில் பார்த்தவுடன் அடையாளம் தெரியும் என்பதுதான் காரணம். கோடையில் செர்ரி, பிளம் போன்ற கனிந்த பழங்களில் அது பெருகியது. மழையோடும் உதிர்ந்த பழத்தோடும் மண்ணுக்குப் போனது. பனிக்காலம் முழுவதும் மண்ணிலேயே உயிரோடு கிடந்தது. அடுத்த கோடையில் காற்றும் பூச்சிகளும் அதை மறுபடி பழத்தில் சேர்த்தன. 1880-களின் தொடக்கத்தில் அவர் வெளியிட்ட முடிவு இது. அதாவது ஈஸ்டுக்கு மண்தான் வீடு, பழம் விருந்துக்குப் போகும் இடம்!

1883-இல் அதே ஆலையில் பீர் கெட்டுப்போகத் தொடங்கியது. காட்டு ஈஸ்ட் கலந்ததே காரணம் என்று கண்ட ஹேன்சன், ஒரே ஒரு செல்லிலிருந்து சுத்தமான ஈஸ்டை வளர்த்துக் கொடுத்தார். முதலாளி யாக்கப்சன் அதைப் பூட்டி வைக்கவில்லை. மற்ற ஆலைகளுக்கும் கொடுத்தார்.

ஆனால் அந்த லாகர் ஈஸ்ட் ஒரு கலப்பினம் என்பது வெகு காலம் கழித்துத்தான் தெரியவந்தது. ஒரு பெற்றோர் எல்லோரும் அறிந்த ரொட்டி ஈஸ்ட் இனம். இன்னொன்று எது? 2011-இல் அர்ஜென்டினாவின் படகோனியக் காடுகளில் அது கிடைத்தது. பிறகு 2022-இல், அயர்லாந்தில் ஒரு பல்கலைக்கழக வளாகத்து மரங்களின் கீழே எடுத்த மண்ணில் அதே இனம் கிடைத்ததாக அறிவித்தார்கள். ஐரோப்பாவில் அதுவே முதல் முறை. ஹேன்சன் தேடச் சொன்ன இடம்தானே அது!

காட்டு மண்ணில் ஈஸ்ட் சும்மா கிடப்பதில்லை. சருகிலிருந்து கசியும் சர்க்கரையைத் தின்று, மட்க வைக்கும் வேலையில் பங்கெடுக்கிறது. சில வகைகள் தங்களைச் சுற்றிப் பசைபோல ஓர் உறை கட்டிக்கொள்ளும். அது மண்துகள்களை ஒட்ட வைக்கும், ஈரத்தைப் பிடித்து வைக்கும். லிப்போமைசிஸ் என்ற மண் ஈஸ்ட் தன் உடம்பிலேயே கொழுப்பைச் சேமிக்கும். மண்ணில் வாழும் உண்ணிகளுக்கும் நுண்புழுக்களுக்கும் ஈஸ்டே இரை.

இவை அதிகம் வாழ்வது சருகிலும் அதன் அடியில் உள்ள மேல்மண்ணிலும்தான். நாம் குப்பை என்று கூட்டிக் கொளுத்துவதும் அதைத்தான். அப்படி எரித்திருந்தால், உலகமே குடிக்கும் ஒரு பானத்தின் பூர்வீகம் கடைசிவரை தெரியாமலே போயிருக்கும். இன்னும் பெயர் வைக்காத எத்தனை உயிர்கள் அந்தச் சருகுக்கடியில் இருக்கின்றனவோ!