ட்ரைவால் - காயக் காத்திருக்காத சுவர்

அமெரிக்கப் படங்களில் கோபம் வந்த ஆள் சுவரில் ஒரு குத்து விடுவான், சுவரில் ஓட்டை விழும். கவனித்திருக்கிறீர்களா? நம்ம ஊர் செங்கல் சுவரில் அதைச் செய்தால் உடைவது கைதான்! அந்தச் சுவருக்குப் பெயர் ட்ரைவால். இரண்டு தடித்த தாள்களுக்கு நடுவே ஜிப்சத்தை இறுக வைத்த பலகை, அவ்வளவே.

அது என்ன 'ட்ரை'? அதற்கு முன் அங்கே இருந்த சுவர் ஈரச் சுவர். வீட்டின் மரச்சட்டங்கள் மேல் மெல்லிய மரக்கீற்றுகளை வரிசையாக ஆணியடித்து, அதன் மேல் மூன்று முறை சாந்து பூசுவார்கள். ஒவ்வொரு பூச்சும் காய வேண்டும். முழுதாகக் காய வாரக்கணக்கில் ஆகும். அதுவரை பெயிண்டர், தச்சர் எல்லோரும் காத்திருக்க வேண்டியதுதான்.

1894-ல் அகஸ்டின் சாக்கெட் என்பவர் தாளும் ஜிப்சமும் அடுக்கிய பலகைக்குக் காப்புரிமை வாங்கினார். வேடிக்கை என்னவென்றால், அவர் சாந்தை ஒழிக்க நினைக்கவே இல்லை. மரக்கீற்றுக்குப் பதில் இதை அடித்து மேலே பூசலாம் என்பதுதான் யோசனை. 1909-ல் யு.எஸ். ஜிப்சம் நிறுவனம் அவர் கம்பெனியை வாங்கியது. 1917-ல் 'ஷீட்ராக்' என்ற பெயர் வந்தது. பூச்சே வேண்டாம் என்றார்கள். மக்கள் மயங்கவில்லை! நல்ல வீடு என்றால் பூசிய சுவர், பலகைச் சுவர் மலிவானவர்களுக்கு என்ற எண்ணம் பல வருடம் நீடித்தது.

மாற்றியது இரண்டாம் உலகப் போர். ஆட்கள் போருக்குப் போய்விட்டார்கள், அவசரமாகக் கட்ட வேண்டியதோ ஏராளம். போர் முடிந்து திரும்பிய வீரர்களுக்கும் வீடு வேண்டும். 1947-ல் நியூயார்க் அருகே ஆரம்பித்த லெவிட்டவுனில், வேகம் பிடித்தபோது ஒரு நாளைக்கு 30 வீடு வரை முடித்தார்கள். சாந்து காயக் காத்திருந்தால் இது நடக்குமா? என் கருத்தில் ட்ரைவால் ஜெயித்தது நல்ல சுவர் என்பதால் அல்ல, நாட்களை மிச்சப்படுத்தியதால். தோற்றது வருடக்கணக்கில் கை பழகிய பூச்சுக்காரர்களின் தொழில்.

இப்போது கணக்குக்கு வருவோம். 12க்கு 12 அடி அறை, உயரம் 8 அடி. நான்கு சுவரும் 48 x 8 = 384 சதுர அடி. கூரை 144. மொத்தம் 528. ஒரு பலகை 4க்கு 8, அதாவது 32 சதுர அடி. வகுத்தால் 16.5. வெட்டும்போது வீணாவதற்கு 10 சதவீதம் சேர்த்தால் 18.15, ஆக 19 பலகை வாங்க வேண்டும். சின்ன அறையில் கதவு, ஜன்னலைக் கழிக்காமல் விடுவது வழக்கம். பலகையின் அகலம் 48 அங்குலமாக இருப்பதிலும் ஒரு வசதி உண்டு. அங்கே சட்டங்களை 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிறுத்துவார்கள், மூன்று இடைவெளியில் பலகை சரியாக உட்காரும்.

புதிதாகக் கணக்குப் போடுபவர்கள் சறுக்குவது பலகையில் அல்ல, இணைப்பில். இரண்டு பலகை சேரும் கோட்டில் தாள் நாடா ஒட்டி, குழைத்த பசையை மூன்று முறை பூசித் தேய்க்க வேண்டும். சாதாரணப் பசை என்றால் ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட ஒரு நாள் காய வேண்டும்! பலகை அடிப்பது ஒரே நாளில் முடிந்துவிடும், பெயிண்டரை அடுத்த நாளே வரச் சொல்லிவிடாதீர்கள்.