பொம்மை வீட்டில் ஒரு பாடம்



பொம்மை வீடு என்றதும் சிறுமியரின் விளையாட்டே நம் நினைவுக்கு வரும். ஆனால், காவல்துறையினருக்குப் பாடநூலாக விளங்கிய பொம்மை வீடுகளும் உண்டு. அவற்றைப் படைத்தவர் பிரான்சிஸ் கிளெஸ்னர் லீ என்னும் அமெரிக்கப் பெண்மணி.

இவர் 1878இல் சிகாகோ நகரின் செல்வக் குடும்பமொன்றில் பிறந்தார். அண்ணன் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பயின்றார்; தங்கைக்கோ அவ்வாய்ப்புக் கிட்டவில்லை. எனினும் ஐம்பது வயதைக் கடந்தபின், 1931இல், அதே பல்கலைக்கழகத்தில் சட்ட மருத்துவத் துறை அமையப் பொருளுதவி செய்தார். ஐயத்திற்குரிய மரணங்களை ஆராய வந்தோருள் பலர் அக்காலத்தில் முறையான பயிற்சி பெறாதவர்கள். அவர்தம் காலடியிலேயே தடயங்கள் அழிந்தன. குற்றவாளி தப்பவும் நிரபராதி சிக்கவும் அதுவே வழியாயிற்று.

இதற்கு மருந்தாகவே 1940களில் லீ மரண நிகழ்விடங்களைப் பொம்மை வீடுகளாக அமைத்தார். ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்பது அளவு. விளக்குகள் எரியும், கதவும் சன்னலும் திறந்து மூடும். பொம்மைகளின் காலுறைகளைக் குண்டூசிகளைக் கொண்டு தம் கையாலேயே பின்னினார்.

‘சமையலறை’ என்னும் மாதிரியைப் பாருங்கள். தரையில் ஒரு பெண் இறந்து கிடக்கிறாள். எரிவாயு திறந்திருக்கிறது, கதவிடுக்குகளில் செய்தித்தாள் திணிக்கப்பட்டுள்ளது. தற்கொலை என்றே தோன்றும். ஆனால், உருளைக்கிழங்கு பாதி தோலுரித்த நிலையில் இருக்கிறது. சாகத் துணிந்தவள் சமையலைத் தொடங்குவாளா? அந்தச் சிறு கிழங்கு அழகுக்காக வைக்கப்பட்டதன்று; அது ஒரு வினா.

இடப்புறம் தொடங்கி, கடிகாரச் சுற்றாக அறையின் நடுவை நோக்கிப் பார்த்து வருமாறு அவர் பயிற்றுவித்தார். 1943இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலக் காவல்துறை அவருக்குக் கேப்டன் பதவி அளித்தது. 1962இல் அவர் மறைந்தார். அவருடைய 18 மாதிரிகள் பால்டிமோர் நகரில் இன்றும் பயிற்சிக்கு உதவுகின்றன.

நம் மாணவர்கள் அட்டைப் பெட்டியில் வீடு செய்து வரும்போது, அழகுக்கு மட்டும் புள்ளி வழங்கி நிறுத்திவிடுகிறோம். “இந்த நாற்காலி ஏன் கவிழ்ந்திருக்கிறது? இவ்வீட்டில் யார் வாழ்கிறார்?” என்று நான் கேட்கத் தொடங்கியபின், வாய் திறவாத மாணவரும் பேசக் கண்டேன். உற்று நோக்கும் கண்ணையும் காரணம் தேடும் அறிவையும் வளர்க்க விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. ஓர் அட்டைப் பெட்டியும் ஒரு நல்ல கேள்வியும் போதும்.